குக்கரை அணைத்தது யார்?

மே 6, சனி

மகள் கோகிலவாணி வேலை பார்க்கும் வங்கியில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை இவள், அதாவது வீட்டுக்காரி, பால், தயிர், சிலிண்டர் வந்த நாள் என்று எழுதி நிரப்பிவிட்டாள். மிச்சத்தை நான் கைப்பற்றிக்கொண்டேன். கோபம் வந்தால் கத்தாமல் எழுதி வையுங்கள், பிரஷர் இறங்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்படிப் பார்த்தால் இந்த டைரி முழுக்க இவளைப் பற்றித்தான் இருக்கும்.

இன்றைய கோபத்துக்குக் காரணம் என் யூடியூப் சேனல். பெயர் 'பரண் டிவி'. நடத்துவது யார் என்று வெளியே ஒருவருக்கும் தெரியாது. சிங்காநல்லூரில் வீடியோ லைப்ரரி வைத்திருந்த தண்டபாணி என்றால் ஒரு காலத்தில் பஸ் கண்டக்டருக்குக்கூடத் தெரியும். கேபிள் வந்து கடையை மூடியபோது மற்றவர்கள் கேசட்டுகளைக் காயலான் கடைக்குப் போட்டார்கள். நான் பரணில் ஏற்றினேன். இப்போது செவ்வாய்தோறும் பழைய ராக் சங்கீதம், வியாழன்தோறும் ஓடாத படம், சனிதோறும் பழைய டிவி நிகழ்ச்சி என்று இறக்கிக் கொடுக்கிறேன். உலகத்தில் வேறு எவனிடமும் இல்லாத சரக்கு.

கேசட்டை நேராகக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு கருவி இருக்கிறது, வாங்குங்கள் என்கிறாள் கோகிலா. எனக்கு நம்பிக்கையில்லை. பழைய டெக்கில் கேசட்டைப் போட்டு டிவியில் ஓடவிடுவேன். எதிரே அரிசி டப்பாவின் மேல் செல்போனைச் சாய்த்து வைத்துப் பிடித்துவிடுவேன். படம் அருமையாக விழும். ஒரே குறை, சமையலறை பக்கத்தில் இருக்கிறது. நான் பிடிக்கும் நேரமாகப் பார்த்து இவளுக்கு ஏதாவது கேட்க வேண்டும். மறுபடி பிடிக்கலாம் என்றால் பூஞ்சை படிந்த டேப், ஒவ்வொரு தரம் ஓடும்போதும் கொஞ்சம் உதிர்கிறது. ஆகவே குரலோடுதான் போட வேண்டியிருக்கிறது.

இன்று போட்டது எண்பத்தேழாம் வருஷத்து இளைஞர் நிகழ்ச்சி. நம் ஊர்க் கல்லூரிப் பையன்களின் குழு. பெயர் 'சிறுவாணி எலெக்ட்ரிக்'. கேட்டால் ஃபேன் ரிப்பேர் கடை மாதிரி இருக்கிறது. நடுவில் நிற்பவனுக்குத் தோள் வரை முடி, தாடி, பெரிய கறுப்புக் கண்ணாடி. கிதாரைப் போட்டு விளாசுகிறான். ஆனால் கிதாரில் ஒயரே இல்லை. கடைசியில் துள்ளிக் குதித்துத் தடுமாறி டிரம்ஸுக்குப் பின்னால் விழுகிறான். அவன் விழும் அதே நொடியில் இவள் உள்ளேயிருந்து, "ஏனுங்க, குக்கர அணைச்சீங்களா இல்லீங்களா?" என்கிறாள்.

'கரண்ட் இல்லாக் கலைஞன்' என்று தலைப்புக் கொடுத்தேன். எனக்கே சிரிப்பு அடங்கவில்லை. அதே கேசட்டில் இரண்டாவது பாட்டும் இருக்கிறது. அதில் பையன் ஒயர் மாட்டிக்கொண்டு நின்ற இடத்தில் நின்று மெதுவாக வாசிக்கிறான். நன்றாகத்தான் வாசிக்கிறான். அது ஆரம்பித்ததும் செல்போனை அணைத்துவிட்டேன். நன்றாக வாசிப்பதை எவன் பார்ப்பான்?

குக்கரை நான் அணைக்கவில்லை. பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

மே 7, ஞாயிறு

ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கினேன். நறுக்கிக்கொண்டே பார்த்தால் வீடியோவை ஒரு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். என் வாழ்நாளில் இதுவரை அதிகபட்சம் நானூறு.

மகிழ்ச்சியாகக் கமென்ட்களைப் படித்தேன். 'அக்கா குரல் செம', 'குக்கர் என்னாச்சுக்கா?', 'அக்காவுக்காகவே சப்ஸ்கிரைப் பண்ணிட்டேன்'. அரிய பதிவு என்று ஒருவன் எழுதவில்லை. அக்கா கமென்ட்களையெல்லாம் உட்கார்ந்து அழித்தேன். கைப்பெருவிரல் வலிக்கிறது. மாங்காயை இவளே நறுக்கி முடித்தாள்.

மே 9, செவ்வாய்

சிற்றலை ரேடியோவிலிருந்து நானே பதிவு செய்த வெளிநாட்டு ராக் பாட்டு ஒன்றைப் போட்டேன். போட்ட சூட்டோடு உரிமை மீறல் என்று எச்சரிக்கை வந்தது. அந்தப் பதிவில் முக்கால்வாசி இரைச்சல். இரைச்சலையுமா எழுதி வாங்கி வைத்திருக்கிறார்கள்?

மே 11, வியாழன்

ஓடாத படம்: 'பனிமலைப் பூதம்'. ஊட்டியில் எடுத்தது. பூதம் சாக்கு உடுத்திக்கொண்டு வரும், கையில் வாட்ச் கட்டியிருக்கும். வந்த முதல் வாரமே தியேட்டரை விட்டுப் போன படம். என் லைப்ரரியில் மட்டும் ஆட்கள் திரும்பத் திரும்ப எடுத்துப்போய்ப் பார்த்து உருண்டு சிரித்தார்கள். பூதம் வரும் காட்சியில் இவள் கத்தரிக்காய் தாளித்துக்கொண்டிருந்தாள். 'பூதத்துக்கும் ஒரு கரண்டி வைங்கக்கா' என்ற கமென்டுக்கு ஏழாயிரம் பேர் லைக் போட்டிருக்கிறார்கள்.

அழித்தேன்.

மே 14, ஞாயிறு

மளிகைக் கடையில் உளுந்து நிறுத்துக்கொண்டிருந்தபோது இவள் குரல் கேட்டது. "ஏனுங்க, குக்கர அணைச்சீங்களா இல்லீங்களா?" நான் பையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அடுப்பில் குக்கரே இல்லை. இவள் வாசலில் கோலமாவு சலித்துக்கொண்டிருந்தாள். என்ன என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

திரும்பிப் போய்ப் பார்த்தால், பக்கத்தில் நின்ற ஆளின் செல்போன் ரிங்டோனாம். பாதித் தமிழ்நாடு இதைத்தான் வைத்திருக்கிறது என்று கடைக்காரர் சொன்னார். யார் வீட்டம்மாவோ, பாவம் அந்த மனுஷன் என்றும் சொன்னார். ஆமாம் என்றேன்.

மே 17, புதன்

நல்ல சேதி. கோகிலாவுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் பெயர் நவநீதன், சாப்ட்வேர் வேலை. வடவள்ளியில் சொந்த வீடு. அப்பா வெள்ளிங்கிரி, ஈ.பி.யில் எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆனவர். அம்மா சில வருஷங்களுக்கு முன் தவறிவிட்டார். ஜாதகம் பொருந்துகிறது.

இதுவரை வந்த போட்டோக்களையெல்லாம் ஒரு பார்வையில் திருப்பிக் கொடுத்த கோகிலா, இதைத் தன் அறைக்குக் கொண்டுபோனாள். கேட்டால் 'பரவால்ல' என்கிறாள். அவள் அகராதியில் அது பெரிய வார்த்தை. எனக்குக் கண் கலங்கியது. தூசி என்று சொன்னேன்.

மே 21, ஞாயிறு

பெண் பார்க்க வந்தார்கள். அப்பாவும் மகனும் மட்டும். வெள்ளிங்கிரி வழுக்கைத் தலை, வெள்ளை வேட்டி, அளந்து பேசுகிற மனுஷர். இடது தோளை ஒரு தூக்குத் தூக்கிவிட்டுத்தான் எதையும் செய்கிறார், காப்பி டம்ளரை எடுப்பதானாலும் சரி. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. ஈ.பி. ஆபீசில் பார்த்திருப்பேன்.

எல்லாம் முறையாகப் போய்க்கொண்டிருந்தது. கோகிலா காப்பி கொடுத்தாள். பையன் பஜ்ஜியைக் கடித்தான். அப்போது இவள் சமையலறையிலிருந்து தலையை நீட்டி, "ஏனுங்க, குக்கர அணைச்சீங்களா இல்லீங்களா?" என்றாள். பையனுக்குப் புரையேறிவிட்டது. இருமி இருமிக் கண்ணில் தண்ணீர். அவன் அப்பா மகனைப் பார்க்காமல் மேலே ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். கோகிலா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வெட்கம்.

பஜ்ஜியில் காரம் அதிகம் என்று இவளிடம் அப்புறம் சொன்னேன்.

போகும்போது, முன்னே என்ன தொழில் என்று வெள்ளிங்கிரி விசாரித்தார். வீடியோ லைப்ரரி என்றேன். "அப்படிங்களா" என்று தோளைத் தூக்கினார். டிவிக்கு எதிரே ஏன் அரிசி டப்பா இருக்கிறது என்று கேட்டார். வாஸ்து என்றேன்.

மே 22, திங்கள்

நேற்று எழுதியதற்குக் கீழே பென்சிலால், 'அது காரத்தால இல்லீங்க. பால் ஒன்றரை லிட்டர்' என்று இருக்கிறது. இவள் இந்த டைரியைப் படிக்கிறாள். காரம் இல்லையென்றால் வேறென்ன? தன் சமையலில் ஒரு குறை சொன்னால் தாங்காது.

மே 24, புதன்

மோட்டார் ஓடவில்லை, தொட்டியில் தண்ணீர் இல்லை. ஆள் வந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் வெள்ளிங்கிரி போனில் கூப்பிட்டார். சேதி நல்லதுதான், பையனுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. வைகாசி முடிந்ததும் நிச்சயத்துக்குத் தேதி பார்க்கலாம் என்றார். நான் நன்றி சொல்லி வைக்கப் போனேன்.

"ஒரு சோலி இருக்குதுங்க, உங்களாலதான் ஆகும்" என்றார். "காலேஜ்ல படிக்கறப்ப நான் டிவில கிதார் வாசிச்சனுங்க. எவனோ அதை நெட்டுல போட்டு நாறடிச்சுப்போட்டான். பென்சனர் மீட்டிங்குக்குப் போனா, கரண்ட் இல்லாக் கலைஞன் வந்துட்டாருங்கறாங்க. முப்பத்தஞ்சு வருசம் ஊருக்கே கரண்ட் குடுத்தவனுங்க நான். உங்களுக்கு இந்தக் கேசட்டு லைன்ல பழக்கம் இருக்கும். எவன்னு விசாரிச்சுச் சொல்லுங்க. மீதிய நான் பாத்துக்கறேன்."

விசாரிக்கிறேன் என்றேன்.

மோட்டார்க்காரர், சார் உட்காருங்க, வேர்க்குது பாருங்க என்றார்.

மே 25, வியாழன்

வீடியோவை மறுபடி பார்த்தேன். ஒவ்வொரு தரமும் கிதாரைத் தொடுவதற்கு முன்னால் இடது தோள்தான்.

ஓடாத படம் போடவில்லை.

மே 26, வெள்ளி

வீடியோவை அழித்துவிட்டேன். கோவிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் அதே வீடியோவை எவனெவனோ எடுத்துப் போட்டிருக்கிறான். ஒருவன் அதற்குத் தவில் சேர்த்திருக்கிறான். இன்னொருவன் வெள்ளிங்கிரி விழுவதைப் பின்னோக்கி ஓட்டி எழுப்பி, மறுபடி விழவைக்கிறான். இத்தனைக்கும் என் சேனல் பெயரை ஒருவனும் போடவில்லை. அந்த நன்றிகூடக் கிடையாது.

மே 30, செவ்வாய்

வெள்ளிங்கிரி கூப்பிட்டு, துப்புக் கிடைத்ததா என்றார். போட்டவன் சேலத்துக்காரன் போலிருக்கிறது என்றேன். ஏன் சேலம் என்று எனக்கே தெரியவில்லை, வாயில் வந்தது. சேலத்தில் எந்தப் பக்கம் என்றார். அஸ்தம்பட்டி என்றேன். நிறுத்தியிருக்கலாம். கல்யாணமாகாத ஆள், தனியாக இருக்கிறான் என்றும் சொன்னேன்.

"தனியா இருக்கறவனுக்கு யாருங்க குக்கரக் கேக்கறது?" என்றார் அவர்.

அக்காவாக இருக்கும் என்றேன். "செரீங்க, நல்லா விசாரிங்க" என்று வைத்துவிட்டார்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கோகிலா, "அப்பா, நீங்களே போய்ச் சொல்லீருங்க" என்றாள். எதைச் சொல்ல என்று கேட்டேன். அவள் செல்லை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். இப்போதெல்லாம் அந்தப் பையனோடு நிறையப் பேசுகிறாள். என்ன பேசுகிறாள் என்று தெரியவில்லை.

ஜூன் 4, ஞாயிறு

தரகர் வந்தார். நிச்சயத்தை இப்போதைக்குத் தள்ளிப் போடலாம் என்று வடவள்ளியில் சொல்கிறார்களாம். காரணம் சொல்லவில்லை. ஆனியில் முடியாவிட்டால் ஆடி வந்துவிடும், ஆடியில் ஒன்றும் பேச முடியாது. அப்புறம் என்ன ஆகும் என்று தரகர் சொல்லவில்லை. அவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்த தினுசே சொல்லிவிட்டது.

இவள் இன்று என்னை ஒன்றுமே கேட்கவில்லை. குக்கரைக்கூட.

ஜூன் 6, செவ்வாய்

கோகிலா வங்கிக்குப் போகிறாள், வருகிறாள், தட்டில் போட்டதைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுகிறாள். சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு அவரப் புடிச்சிருக்குதுப்பா" என்றாள். "உங்க சேனலால இது போயிருச்சுன்னா நான் சண்டையெல்லாம் போட மாட்டேன். ஆனா மறக்க மாட்டேன்."

சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் காய்ந்த துணி எடுக்கப் போனாள். பிரஷர் மாத்திரை போட்டுப் பார்த்தேன். அதற்கு இந்த வலி தெரியவில்லை.

ஜூன் 8, வியாழன்

இரண்டாவது பாட்டு ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. அது இன்னும் ஓடுகிறதா என்று பார்க்கலாம் என்று கேசட்டை டெக்கில் போட்டேன். டெக் டேப்பைத் தின்றுவிட்டது. மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே கொசகொசவென்று கறுப்பு நாடா. இத்தனை வருஷத்தில் 'பனிமலைப் பூதம்' கேசட்டை ஒரு நாள் தின்றதில்லை. இதைத்தான் தின்ன வேண்டுமா?

ஒரு பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றி வெளியே எடுத்தேன். இரண்டாவது பாட்டின் நடுவில் ஒரு முழ நீளத்துக்குக் கசங்கியிருக்கிறது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இவள் வந்து பார்த்தாள். டேப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நாளன்னிக்கு ராகு காலம் ஒம்போது மணிக்குங்க. அதுக்கு முன்னால கெளம்பிருங்க" என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 10, சனி

ராகு காலத்துக்கு முன் கிளம்பி வடவள்ளிக்குப் போனேன். பஸ்ஸில் ஒப்பித்துக்கொண்டே போனேன்: தெரியாமல் நடந்துவிட்டது, வயசாகிவிட்டது, கோகிலாவுக்கு ஒன்றும் தெரியாது. இறங்கும்போது எல்லாம் மறந்துவிட்டது.

வெள்ளிங்கிரி தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். வாங்க என்றார், உட்காருங்க என்றார், மோர் கொண்டுவந்தார். தள்ளிப் போட்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் மோரைக் கையில் வைத்துக்கொண்டே ஆரம்பித்தேன்.

"சம்மந்தி, அந்த வீடியோவப் போட்டது..."

"தெரியுமுங்க."

"எப்பங்க?"

"சம்மந்தியம்மா குக்கரக் கேட்டாங்களே, அப்பவேங்க. அதுல இருக்கறது நான்னு தெரியறதுக்கு முன்னாலருந்தே என்ற பையன் செல்லுல அதுதான் ரிங்டோன்."

எனக்கு மே 21 முழுவதும் கண் முன்னால் ஓடியது. புரையேறியது, ஃபேனைப் பார்த்தது, கோகிலாவின் முந்தானை. பென்சிலால் எழுதியது. அஸ்தம்பட்டி. மோர் வேட்டியில் கொட்டிவிட்டது.

அவர் துண்டு கொடுத்தார். நானாக வந்து சொல்வேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாராம். சேலம் வரைக்கும் பொறுத்தாராம். அஸ்தம்பட்டியில் மனசு விட்டுப்போய்விட்டதாம். இப்படிக் கூசாமல் பொய் சொல்கிற வீட்டில் சம்பந்தம் பண்ணலாமா என்று ஒரு வாரமாக யோசனையாம். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். எல்லாம் நியாயம்தான்.

"சிரிச்சதுக்குக் கோவமில்லீங்க" என்றார். "அன்னிக்கு ஸ்டூடியோவுல பாட்ட முன்னாலயே பதிவு பண்ணிப்போட்டு, சும்மா ஆடுங்க போதும்னாங்க. அதான் ஒயர் இல்ல. ரெண்டாவது பாட்டுக்கு நான் சண்டை போட்டு ஒயர் மாட்டி நெசமாவே வாசிச்சேன். பையன் சின்னதுலயிருந்து கேட்டு வளந்தவன், அப்பன் டிவில வாசிச்சான்னு. அவங்கம்மா அதைச் சொல்லிச் சொல்லித்தான் அவனுக்குச் சோறு ஊட்டுவா. இப்ப இதைப் பாத்துப்போட்டு, 'ஏப்பா, ஒயரே காணமே'ன்னான். அவன் சிரிச்சிருந்தாக்கூடப் பரவால்லீங்க. பாவம் பாத்து வேற பேச்சுக்குப் போயிட்டான்." தோள் ஒரு தரம் தூக்கி இறங்கியது. "உங்க கேசட்டுல அந்த ரெண்டாவது பாட்டு இல்லீங்களா?"

"இருக்குதுங்க. நான்தான் புடிக்காம விட்டுட்டேன்."

"ஏனுங்க?"

"நல்லா இருந்துதுங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். சின்னதாக ஆரம்பித்து, தோளெல்லாம் குலுங்கி, கண்ணைத் துடைத்துக்கொள்ளும் வரை சிரித்தார். நானும் சிரித்தேன், பயந்துகொண்டே.

டெக் தின்றதையும் சொல்லிவிட்டேன். இனிமேல் எதையும் மறைக்கத் தெம்பில்லை. ஆனி பத்தாம் தேதி நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்றார். அந்தப் பாட்டை மட்டும் எப்படியாவது ஒட்டி என் பையனுக்குப் போட்டுக் காட்டிவிடுங்கள் என்றார். இதைக் கேட்கும்போது மட்டும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, வாழை மரத்தைப் பார்த்தார்.

ஜூன் 15, வியாழன்

கசங்கின இடத்தை வெட்டி, இரண்டு முனையையும் சேர்த்து ஒட்ட வேண்டும். ஒரு மயிரிழை கோணினாலும் டெக் மறுபடி தின்றுவிடும். இரண்டு தரம் பிளேடை எடுத்துக் கீழே வைத்தேன்.

"இங்க குடுங்க" என்று இவள் வாங்கிக்கொண்டாள். ரவிக்கை தைக்கிற கை. மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினாள், முனைகளைச் சேர்த்து வைத்தாள், பொடிசாகச் செலோ டேப்பை ஒட்டி நகத்தால் நீவினாள். அவ்வளவு நேரமும் ஒரு வார்த்தை பேசவில்லை. என் வீட்டில் இப்படி ஒரு அமைதி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அது பிடிக்கவில்லை என்பதும் தெரிந்தது.

ஓட்டிப் பார்க்கலாமா என்றேன். ஒட்டினது ஒரு தரம் தாங்கினால் போதும், அதை அந்தப் பையனுக்கு வைத்துக்கொள்ளலாம் என்றாள்.

இடையில் ரேஷன் கடைக்குப் போய்ச் சக்கரை வாங்கிவந்தேன்.

ஜூன் 25, ஞாயிறு

நிச்சயம் நம் வீட்டிலேயே நடந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி உப்புச் சக்கரை மாற்றிக்கொண்டோம். கோகிலாவுக்குச் செங்கல் நிறத்தில் பட்டு. அவள் முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன், இந்த முறை தூசி என்று சொல்லவில்லை.

சாப்பாடு முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு கேசட்டை எடுத்தேன். ஒரு தரம்தான் ஓடும், அதற்குள் செல்போனில் பிடித்துவிட வேண்டும். பார்த்தால் அரிசி டப்பா விருந்துக்குக் காலியாகி எங்கோ கழுவிக் கவிழ்த்திருக்கிறது. நாற்காலி மேல் நாற்காலி வைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை.

"நான் புடிக்கறனுங்க" என்றாள் இவள். செல்லை வாங்கிக்கொண்டு எதிரே வந்து நின்றாள். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு உள்ளே போனாள். ராத்திரி ரசத்துக்குப் பருப்பு வெந்துகொண்டிருந்தது. குக்கரை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

பிளே அமுக்கினேன். முதல் பாட்டு, துள்ளல், விழுதல். ஒருவரும் சிரிக்கவில்லை. அப்புறம் அந்தத் தாடிக்காரப் பையன் எழுந்து கண்ணாடியைக் கழற்றினான். ஒயரைக் குனிந்து எடுத்து மாட்டினான். இடது தோளைத் தூக்கினான். வாசித்தான்.

எனக்கு ராக் சங்கீதம் பற்றி எழுதத் தெரியும், வாராவாரம் வீடியோவுக்குக் கீழே எழுதுகிறேன். இதை எழுத வரவில்லை. ஒட்டின இடம் வந்தது. திரையில் வெள்ளையாகப் பொரிந்தது. பொரிந்து, கலைந்து, பாட்டு மறுபடி வந்துவிட்டது.

வெள்ளிங்கிரி டிவியைப் பார்க்கவேயில்லை. மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். நவநீதன் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனான். கிதாரிலிருந்து கிளம்பும் ஒயரைத் திரையில் விரலால் தொட்டு, அது தரையில் போகிற வழியெல்லாம் தொட்டுக்கொண்டே போய், ஒலிபெருக்கிப் பெட்டியில் சேரும் இடத்தில் நிறுத்தினான். பாட்டு முடிகிற வரை விரலை எடுக்கவில்லை.

"ஏப்பா, இதைய ஏம்பா விட்டீங்க?" என்றான்.

வெள்ளிங்கிரி தோளைத் தூக்கினார், அது இறங்கவேயில்லை. பையன் போய் அந்தத் தோளில் கையை வைத்து இறக்கினான். கோகிலா என்னைப் பார்த்தாள். மறந்துவிட்டேன் என்று சொல்கிற பார்வை அது, நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

டேப்பை வெளியே எடுத்தபோது ஒட்டு விட்டுப்போய் இரண்டு துண்டாக வந்தது.

ஜூன் 27, செவ்வாய்

பாட்டை முழுசாகப் போட்டுவிட்டேன். சனிக்கிழமை சரக்காக அல்ல, செவ்வாய்க்கிழமையில், ராக் சங்கீதத்துக்கு உரிய நாளில். தலைப்பு: 'சிறுவாணி எலெக்ட்ரிக், கிதார்: வெள்ளிங்கிரி'. நையாண்டி எதுவும் இல்லை. வடவள்ளியிலிருந்து மாப்பிள்ளை கூப்பிட்டு, அப்பா காலையிலிருந்து கிதார் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார் என்றார்.

பார்த்தவர்கள் இதுவரை முந்நூற்றுச் சொச்சம். பரவாயில்லை. முதல் கமென்டைப் படித்தேன். 'வாசிப்பு அருமை. ஆனா வீடே சத்தமில்லாம இருக்கு. அக்காவுக்கு உடம்பு சரியில்லையா? குக்கர யாரு அணைச்சா?'

பெருவிரல் பழக்கதோஷத்தில் அழிக்கப் போனது. அழிக்கவில்லை. கீழே எழுதினேன்:

'அவரேதான் அணைத்தார். பெயர் மயிலாத்தாள். என் மனைவி. இந்த வீடியோவைப் பிடித்ததும் அவர். நலமாக இருக்கிறார்.'

எழுதினதைக் காட்டலாம் என்று செல்லை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்துவிட்டது. போய் அணைக்க வேண்டும்.